பழைய டிராக்டருக்கு ஆர்.பி.எம். பார்க்க: லேசரா, தொடு மீட்டரா?

காரைக்குடிப் பக்கம் ஓடும் பழைய டிராக்டர்களில் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது) காட்டும் டேஷ்போர்டு முள் பெரும்பாலும் செத்துக் கிடக்கும், கேபிள் அறுந்திருக்கும். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லாததால், அதன் பொறியை எண்ணும் பெட்ரோல் வண்டி மீட்டரும் உதவாது.

லேசர் மீட்டருக்கு கிராங்க் புல்லியில் (எஞ்சின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரம்) ஒரு துண்டு மின்னும் டேப் ஒட்டினால் போதும், அதில் பட்டுத் திரும்பும் ஒளியை எண்ணிக்கொள்ளும்; பெல்ட் பக்கம் கை போகாது. ஆனால் புல்லியில் இன்னோர் இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு மின்னினால், 700 ஓடும் எஞ்சினை 1400 என்று காட்டும். அந்த இடத்தை மார்க்கரால் கறுப்படித்துவிடுங்கள். செட்டிநாட்டு உச்சி வெயிலிலும் தடுமாறும்; கொட்டகைக்குள் நிறுத்திப் பாருங்கள்.

தொடு மீட்டரின் ரப்பர் முனையைச் சுழலும் தண்டின் நடுக்குழியில் அழுத்த வேண்டும். முன்னால் ரேடியேட்டர் மறிக்கும். பின்னால் பி.டி.ஓ. தண்டில் (டிராக்டரில் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) வைக்கலாம், அங்கே 540 ஆர்.பி.எம். வரும்போது எஞ்சின் வேகம் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். வேட்டி துண்டோடு அந்தத் தண்டுக்கிட்டே போவதில் எனக்குச் சம்மதமில்லை. என் ஓட்டு லேசருக்குத்தான்.