டிஸ்பிளேயில் ஒரு சேர், பெட்டிக்குள் வேறு சேர்: மதுரையில் எர்கோனாமிக் சேர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மதுரையில் ஒரு கடையில் உட்காரவைத்துக் காட்டியது சிங்க்ரோ டில்ட் சேர், விலை 14,500 ரூபாய். வீட்டில் பெட்டியைப் பிரித்துப் பூட்டியபோது வந்தது சாதா டில்ட். மெஷ், ஹெட்ரெஸ்ட், மாடல் பெயர் எல்லாம் அதேதான். சீட்டுக்கு அடியிலிருக்கும் மெக்கானிசம் மட்டும் வேறு. கேட்டால், "லாட் மாறிருச்சுண்ணே, உக்காந்து பழகுனா சரியாயிரும்" என்று பதில்.

பழகினால் சரியாகாது. சிங்க்ரோவில் முதுகு இரண்டு பங்கு சாய்ந்தால் சீட் ஒரு பங்குதான் சாயும், பாதம் தரையிலேயே இருக்கும். சாதா டில்ட்டில் முதுகும் சீட்டும் ஒரே துண்டாகச் சாயும்; சீட்டின் முன்விளிம்பு தொடைக்கு அடியில் ஏறி, குதிகால் எழும்பிவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: லாக்கை எடுத்துவிட்டு இன்னொருவரைச் சாயச் சொல்லுங்கள். சீட்டும் முதுகும் சேரும் மூலையைப் பக்கவாட்டில் பாருங்கள். கோணம் விரிந்தால் சிங்க்ரோ. விரியாவிட்டால் விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் சாதாதான்.

அடுத்தது கேஸ் லிஃப்ட், அதாவது சீட்டை ஏற்றி இறக்கும் சிலிண்டர். 'கிளாஸ் 4' (சிலிண்டரின் உறுதியைச் சொல்லும் தரம்) என்று சேரில் ஸ்டிக்கர் ஒட்ட யாராலும் முடியும். பிளாஸ்டிக் உறையைத் தூக்கிவிட்டு சிலிண்டர் குழாயிலேயே என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே சீட் மெல்ல இறங்கினால் சீல் கசிகிறது என்று அர்த்தம்; "உங்க வெயிட்டுக்கு அப்படித்தான்" என்பது சால்ஜாப்பு. கேஸ் ரீஃபில் செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன், கடையில் திரும்ப நிரப்புகிற விஷயமில்லை. சிலிண்டரை முழுசாக மாற்றுவதுதான் வழி.

உயரத்திலும் ஏமாறுகிறோம். இறக்கியும் சீட் 45 செ.மீ.க்குக் கீழே வராவிட்டால் ஐந்தடி ஆளுக்குக் கால் தொங்கும், அதுவும் வீட்டில் நாம் செருப்பில்லாமல்தானே உட்காருகிறோம். முட்டியின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். முதுகை ஒட்டி உட்கார்ந்தபின் சீட் விளிம்புக்கும் முட்டிமடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையணும். நுழையாவிட்டால், சீட்டை முன்பின் நகர்த்தும் வசதி இல்லாத சேரில் எந்த லீவரைத் திருகினாலும் பலன் இல்லை.

'பிஃப்மா' (அமெரிக்க ஃபர்னிச்சர் தயாரிப்பாளர் சங்கத்தின் தரச் சோதனை) என்று சொன்னால், சோதனை முழுச் சேருக்கா, சிலிண்டருக்கு மட்டுமா என்று கேளுங்கள். வேலை நாற்காலிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 17631.

பில் வேண்டாமென்றால் 18% ஜி.எஸ்.டி.யைக் குறைக்கிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மாடல் எண்ணோடு 'சிங்க்ரோ' என்றும் பில்லில் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகணும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. பூட்ட வருகிற பையன் அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்துப்போகப் பார்ப்பான். கொடுக்காதீர்கள், உள்ளே வந்தது எந்த மாடல் என்று அச்சடித்திருப்பது அதில்தான்.