பிக்கப்பைத் தாழ்த்தித் தருகிறேன் என்று 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் ஸ்பிரிங்கையே அறுத்து மாட்டிவிட்டார்கள்

68,000 ரூபாய். இன்று காலை காரைக்குடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் என் இசுசு வி-கிராஸ் பிக்கப்பின் முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். 'இம்போர்ட் ஸ்பிரிங்' என்று மாட்டிக் கொடுத்தது என் வண்டியின் பழைய ஸ்பிரிங்கேதான். கீழ்ச் சுற்றைக் கட்டிங் மெஷினால் அறுத்து, மேலே சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சுரண்டினால் கம்பெனி போட்ட அடையாளக் கோடு அப்படியே தெரிகிறது. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் பிக்கப்பின் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்த நினைப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுக்கு இந்த வண்டி அலங்காரத்துக்கு இல்லை. தோட்டம் கண்மாய்க்கு அந்தப் பக்கம். ஐப்பசி மழையில் செம்மண் குழைந்துவிட்டால் ஃபோர் வீல் போடாமல் ஏறாது. மற்ற நாளில் ஆத்தங்குடி கல் ஏற்றுகிறோம். வீட்டில் இருக்கிற ஒரே வண்டி என்பதால் அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போவதும் இதில்தான். முழங்கால் வலியோடு அவர் அந்த உயரம் ஏறுவதைப் பார்க்க முடியவில்லை. ஒன்றரை இரண்டு இன்ச் இறங்கினால் போதும், ஆனால் குலுக்கக் கூடாது. குலுக்கினால் அப்பத்தா இடுப்பும் போச்சு, கல்லும் போச்சு. இதைத்தான் கேட்டேன், வேறெதுவும் கேட்கவில்லை.

மதுரைப் பக்கம் ஒரு கார் மாடிஃபிகேஷன் கடை. வீடியோவெல்லாம் போடுகிற கடை. உரிமையாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அட்டைப் பெட்டியைப் பிரித்து, புது ஸ்பிரிங் ஒன்றைக் கையில் கொடுத்தார். உயரம் குறைவான ஸ்பிரிங், அதற்கு ஏற்ற நீளத்தில் கேஸ் ஷாக் (குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர்), முன்னும் பின்னும் ஒரே செட் என்றார். சொன்னதில் தப்பே இல்லை. வசதி குறையாமல் தாழ்த்த அதுதான் வழி. அப்புறம் அப்பத்தா வயதைக் கேட்டார். "எங்க அப்பத்தாவுக்கும் இதே முட்டி வலிதாண்ணே, நீங்க கவலையே படாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அங்கேயே நின்றபடி முழுப் பணத்தையும் போனில் அனுப்பினேன். 68,000.

வண்டி வந்தது. இறங்கித்தான் இருந்தது. ஊருக்குள் முதல் வேகத்தடையிலேயே 'டங்' என்று இடித்தது. அப்பத்தா, "ஏப்பா, மாட்டு வண்டியே தேவலாம் போலயே" என்றார்.

போன் செய்தேன். "புது ஸ்பிரிங்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." ஓட்டினேன். "டயர்ல காத்தைக் குறைங்க." குறைத்தேன். "உங்க ஊர் ரோடு அப்படிண்ணே." இதே ரோட்டில்தானே முன்னாடியும் ஓட்டினேன்? கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கேட்டால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." பில் கேட்டதும் பேச்சே மாறியது. "மோட்டார் வாகனச் சட்டம் 52 தெரியுமா? கம்ப்ளெய்ன்ட் கொடுத்தா உங்க வண்டிதான் மாட்டும்." அந்தப் பிரிவு உண்மைதான். ஆர்சி விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதைக் கண்டிப்பாகச் சொன்னது. 68,000 வாங்கும்போது அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது? அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதே இல்லை.

மெக்கானிக் சொன்னதைக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் அது இறுகிப்போகும், சக்கரம் மேலே ஏறி இறங்க இடமும் குறையும். பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் நேரே போய் இடிக்கிறது. அறுத்த முனை அதன் இருக்கையில் ஒழுங்காக உட்காரவும் இல்லை. ஷாக்கும் பழையதே, பெயின்ட் மட்டும் புதுசு. பின்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் பாரம் தாங்குகிற இரும்புப் பிளேட் கட்டில் ஒரு பிளேட்டை உருவிவிட்டார்கள். காலி வண்டியில் தெரியாது, கல் ஏற்றினால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட்டைத் தொடவே இல்லை, அதனால் முன் டயர்கள் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கின்றன. முன் ஆக்சில் ஷாஃப்ட் கோணம் மாறிப்போனதால் அதன் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையையும் பார்க்க வேண்டுமாம். அப்பத்தா ஏறுவதற்கு மட்டும் என்றால் பக்கத்தில் ஒரு மடக்குப் படி வைத்திருந்தால் போதும் என்றார். வண்டியின் மேல் கை வைக்கவே வேண்டியதில்லை. அந்தக் கடையில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே!

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது இருக்கிறது, அறுத்த ஸ்பிரிங்கின் படமும் இருக்கிறது. 68,000 ரூபாயை விடப் போவதில்லை.

கவனிக்க வேண்டியவை என்றேன். விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. ஸ்பிரிங்கை அறுக்கிறேன், கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்னாடியே எழுத்தில் கேளுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், பாகத்தின் எண் போட்ட பில் வாங்குங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக், பிளேட் எல்லாவற்றையும் உங்கள் வண்டியின் பின்னாலேயே போடச் சொல்லுங்கள். அதைக் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.