மூன்று ஹோஸ்டு நிரம்பினால்: டிஸ்க்கா, நான்காவது ஹோஸ்டா, ஐந்தா?

மூன்று ஹோஸ்டு (சர்வர் பெட்டி), ஒவ்வொன்றிலும் நான்கு டிஸ்க். பல ஹோஸ்டுகளின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் சின்ன ஸ்டோரேஜ் கிளஸ்டர் என்றால் பெரும்பாலும் இந்த அமைப்புதான். 70 சதவீதம் நிரம்பியதும் பேச்சு ஆரம்பிக்கும்: இருக்கிற பெட்டிகளிலேயே டிஸ்க் போடலாமா, இன்னொரு ஹோஸ்டு வாங்கலாமா, வாங்குவதுதான் வாங்குகிறோம், இரண்டாக வாங்கிவிடலாமா? டேட்டாவைப் பல ஹோஸ்டுகளில் பிரித்து வைக்கும் இரண்டு மென்பொருள்களை வைத்துப் பார்ப்போம்: விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் இருக்கும் செஃப், அதேபோல விஎம்வேரின் விசான்.

டிஸ்க் சேர்ப்பதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். அது சரியில்லை. செஃப்பில் மூன்று பிரதி, ஹோஸ்டுக்கு ஒரு பிரதி என்பது வழக்கமான அமைப்பு. மூன்றே ஹோஸ்டு இருக்கும்போது ஒரு டிஸ்க் செத்தால், அதிலிருந்த டேட்டா அதே ஹோஸ்டின் மற்ற மூன்று டிஸ்க்குகளில்தான் இடம் தேட வேண்டும். ஏற்கெனவே 70 சதவீதம் என்றால் அவை 93-ஐத் தொடும். ஆனால் 90-லேயே பேக்ஃபில் (டேட்டாவை வேறு டிஸ்க்குக்குக் கொண்டுபோய் நிரப்புவது) நின்றுவிடும். ஏதாவது ஒரு ஓஎஸ்டி (டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடும் செஃப் புரோகிராம்) 95-ஐ எட்டினால் எழுதுவதே நின்று, மேலே ஓடும் விஎம்கள் அப்படியே உறைந்துவிடும். ஹோஸ்டுக்கு இரண்டு டிஸ்க் கூடுதலாகப் போட்டால் பயன்பாடு 47-க்கு இறங்கும். ஒன்று போனாலும் 56-தான். ஆக, ஸ்லாட் காலியாக இருந்தால் இது நல்ல வழி. ஒவ்வொரு ஓஎஸ்டியும் வழக்கமாக 4 ஜிபி ராம் எதிர்பார்க்கும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

விசானின் பழைய கட்டமைப்பில் ஒரு டிஸ்க் குரூப்புக்கு வேகத்துக்காக ஒரு கேஷ் டிஸ்க், அதன் கீழே டேட்டா தங்கும் கெப்பாசிட்டி டிஸ்க் அதிகபட்சம் ஏழு. கேஷ் போனால் மொத்த குரூப்பும் போய்விடும். அதனால் இருக்கிற குரூப்பைக் கொழுக்க வைப்பதைவிட, தனி கேஷ் வைத்து இரண்டாவது குரூப் ஆரம்பிப்பதே மேல்.

ஆனால் எத்தனை டிஸ்க் போட்டாலும் ஒரு ஓட்டை அடைபடாது. ஒரு ஹோஸ்டு மொத்தமாகப் படுத்துவிட்டால் அதன் பிரதியை மறுபடி கட்ட வேறு ஹோஸ்டே கிடையாது. செஃப் வழக்கப்படி 10 நிமிடம் காத்திருக்கும், விசான் 60 நிமிடம். காத்திருந்து என்ன பயன்? பழுது பார்த்து வரும்வரை கிளஸ்டர் குறைப் பிரதியோடுதான் ஓடும். நான்காவது ஹோஸ்டின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

இடத்துக்காக அதை வாங்குகிறவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். ஹோஸ்டுக்கு 10 டிபி என்று வையுங்கள். செஃப்பில் மூன்று பிரதிக்கு, மூன்று ஹோஸ்டில் 10 டிபி கிடைக்கும். நான்கில் 13.3 என்று திரை காட்டும். ஆனால் ஒரு ஹோஸ்டு போனபிறகு மிச்சமுள்ள மூன்றில் எல்லாம் அடங்க வேண்டும் என்றால், பழையபடி 10 டிபிதான். 85 சதவீத எச்சரிக்கைக் கோட்டையும் சேர்த்தால் 8.5. விசானில் ரெய்டு-1 (இரண்டு பிரதி) வைத்தாலும் இதே கதை: மூன்று ஹோஸ்டில் 15, நான்கில் ஒன்றை ஒதுக்கி வைத்தால் அதே 15. நான்காவது பெட்டி பாதுகாப்பைத்தான் தருகிறது, இடத்தை அல்ல. இடம் நிஜமாகக் கூடுவது ஐந்தாவதில். செஃப்பில் 10 டிபி அப்போதுதான் 13.3 ஆகிறது.

விசான்காரர்களுக்கு இங்கே ஒரு சபலம் உண்டு. பழைய கட்டமைப்பில் நான்கு ஹோஸ்டு வந்ததும் ரெய்டு-5 (முழுப் பிரதிக்குப் பதிலாக, இழந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டியை வைக்கும் முறை) திறந்துவிடும், எல்லா டிஸ்க்கும் ஃபிளாஷாக இருந்தால். இரண்டு மடங்கு செலவான இடம் 1.33 மடங்காகிறது, 40 டிபியில் 30 கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 3+1 முறை (மூன்று பங்கு டேட்டா, ஒரு பங்கு பாரிட்டி) நான்கு ஹோஸ்டையும் பிடித்துக்கொள்ளும், ஒன்று போனால் மறுபடி கட்ட இடமில்லை. பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை இடத்துக்கு விற்றுவிட்டு மூன்று ஹோஸ்டு நிலைக்கே திரும்புகிறோம். ரெய்டு-5 வேண்டுமென்றால் ஐந்து ஹோஸ்டு என்பதே என் கணக்கு. 2022-இல் விசான் 8-உடன் வந்த புதிய கட்டமைப்பில் 2+1 முறை மூன்று ஹோஸ்டிலேயே ஓடும். அங்கே நான்காவது ஹோஸ்டை மறுபடி கட்டும் இடமாக வைத்துக்கொள்ளலாம், ரெய்டு-5-ஐயும் விட வேண்டியதில்லை.

‘நான்காவதைக் கொஞ்சம் பெரிதாக வாங்கிவிடலாமே’ என்பது அடுத்த யோசனை. செஃப்பின் மூன்று பிரதிக் கணக்கில் பார்ப்போம்: மூன்று 10 டிபி பெட்டிகளோடு ஒரு 20 டிபி பெட்டி. ஒரே டேட்டாவின் இரண்டு பிரதிகள் ஒரே ஹோஸ்டில் உட்கார முடியாது. அதனால் பெரிய பெட்டியில் என்ன இருக்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு மற்ற மூன்றில் இருக்க வேண்டும். மற்ற மூன்றும் சேர்ந்து 30 டிபிதானே, ஆக பெரியதில் 15-க்கு மேல் ஏறாது. 5 டிபி சும்மா கிடக்கும். அந்தப் பெரியது படுத்தால் 15 டிபி டேட்டாவை 10 டிபிக்குள் திணிக்கவும் முடியாது. ஒரே அளவாக வாங்குங்கள். சிபியு தலைமுறை மாறினால் மட்டும் விஎம் நகர்த்துவதற்கு ஏற்ற பொது சிபியு மாடலை அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கிளஸ்டர் தனியாகக் கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய ஹார்டுவேரைத் தூக்கப் போகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் பராமரிப்பு வேலை இரட்டிப்பாகும்.

குவோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டு) விஷயத்தில் நான்கு ஒரு சங்கடமான எண். பிராக்ஸ்மாக்ஸில் ஹோஸ்டுக்கு ஒரு ஓட்டு, நான்கு ஓட்டில் மூன்று வேண்டும். நெட்வொர்க் இரண்டுக்கு இரண்டாகப் பிளந்தால் எந்தப் பக்கமும் ஜெயிக்காது. ஒரு சின்ன மெஷினில் கியூடிவைஸ் (ஓட்டு மட்டும் போடும் துணைச் சேவை) வைத்து ஐந்தாவது ஓட்டு கொடுத்துவிடுங்கள். செஃப் மானிட்டர்களை (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் புரோகிராம்களை) மூன்றாகவே விடலாம், நான்காவது எதையும் கூட்டாது.

புது ஹோஸ்டைச் சேர்த்த அன்று இரண்டும் நேரெதிராக நடந்துகொள்ளும். செஃப் உடனே டேட்டாவை நகர்த்த ஆரம்பித்துவிடும். 8 டிபி நகர 1 கிகாபிட் லிங்கில் முழு வேகத்திலேயே கிட்டத்தட்ட 18 மணி நேரம்; 10 கிகாபிட்டில் இரண்டுக்கும் குறைவு, நிஜத்தில் இரண்டுமே இன்னும் நீளும். அதனால் இந்த நகர்வை நிறுத்தி வைக்கும் நோரீபேலன்ஸ் ஃபிளாக்கைப் போட்டுவிட்டு ஓஎஸ்டிகளைச் சேர்த்து, வேலை குறைந்த இரவில் எடுத்துவிடுவது நல்லது. விசான் அசையாது. பழைய கட்டமைப்பில் ஏதாவது ஒரு டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டும்வரை பழைய டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும், புதுப் பெட்டி காலியாகவே நிற்கும். பழுதென்று பதற வேண்டாம். தானியங்கி ரீபேலன்ஸ் இயல்பாக அணைந்திருக்கும், அதை நீங்கள்தான் போட வேண்டும்.