‘மரியோ கோல்ஃப்’ கேட்ரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? பத்துக்குப் பத்து என்று காட்டிப் போலியைத் தள்ளிவிடுகிறார்கள்

நிண்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் பாய் கலருக்கு 1999-ல் வந்த ‘மரியோ கோல்ஃப்’ கேட்ரிட்ஜை (ஆட்டம் அடங்கிய, கருவியில் செருகும் சின்னப் பெட்டி), பழைய பொருள் விற்கும் ஆன்லைன் சந்தையில் வாங்கும் எண்ணம் இருந்தால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அசலுக்குக் கேட்கும் விலையைக் கொடுத்தும் எனக்கு வந்து சேர்ந்தது போலி. விற்றவர் அதே படத்தை வைத்து இன்னும் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார்.

விளம்பரத்தின் தலையிலேயே, ஐஜிஎன் என்ற வீடியோ கேம் விமர்சனத் தளம் பத்துக்குப் பத்து கொடுத்த ஆட்டம் என்று பெரிதாகப் போட்டிருந்தார். அது உண்மைதான். அந்தத் தளம் முழு மதிப்பெண் கொடுத்த ஆட்டங்கள் மிகக் குறைவு. அந்தச் சிறு பட்டியலில் கையடக்கக் கருவிக்கு வந்த இந்தக் கோல்ஃப் ஆட்டமும் உண்டு. அதற்குக் கீழே, பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் மதிப்பெண் என்று இன்னொரு எண்ணும் இருந்தது. அது சுத்தப் பொய். மெட்டாகிரிட்டிக் தொடங்கியதே 2001-ல். கேம் பாய் கலருக்கு அங்கே தனிப் பகுதி கிடையாது. வேறு ஏதோ ஆட்டத்தின் எண்ணை எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். 2004-ல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘மரியோ கோல்ஃப்: அட்வான்ஸ் டூர்’ வேறு ஆட்டம், டிவியில் இணைத்து ஆடும் நிண்டெண்டோ 64 கருவிக்கு 1999-லேயே வந்ததும் வேறு. விளம்பரத்தில் இவற்றின் மதிப்பெண்களைக் குழப்பி வைத்திருந்தால் அந்த விற்பனையாளரை விட்டு விலகிவிடுங்கள்.

விமர்சகர்கள் இதை ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்று தெரிந்தால்தான் நடந்த மோசடியின் அளவு புரியும். ஆட்டத்தை உருவாக்கியது கேமலாட் நிறுவனம். பிளேஸ்டேஷனில் 1997-ல் வந்த முதல் ‘எவ்ரிபடிஸ் கோல்ஃப்’ அவர்கள் கைவண்ணம்தான். மூன்று தடவை பட்டனைத் தட்டினால் ஒரு அடி: முதல் தட்டலில் கோடு நகரும், இரண்டாவதில் வேகம் முடிவாகும், மூன்றாவதில் பந்து பறக்கும். கோல்ஃப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் சில நிமிடங்களில் பழகிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கையடக்க ஆட்டத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. கோல்ஃபுக்குள் ஒரு ரோல் பிளேயிங் ஆட்டத்தையே, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி அதைப் படிப்படியாக வளர்க்கும் ஆட்டத்தையே, அவர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். கிட், ஷெர்ரி, ஜோ, அஸேலியா என்ற நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். கிளப் வளாகத்தில் சுற்றுகிறோம், அங்கே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறோம், போட்டிகளில் ஜெயித்து அனுபவப் புள்ளிகளைச் சேர்க்கிறோம். லெவல் ஏறும்போது, தூரத்தைக் கூட்டுவதா மற்றத் திறமைகளை வளர்ப்பதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மேரியன் கிளப்பில் பட்ஸ், பாம்ஸில் கிரேஸ், டியூன்ஸில் டைனி, லிங்க்ஸில் ஜீன் யஸ் என்று ஒவ்வொரு சாம்பியனையும் வீழ்த்த வேண்டும். அப்படி வளர்த்த ஆளை ட்ரான்ஸ்ஃபர் பேக் என்ற இணைப்புச் சாதனம் வழியாக நிண்டெண்டோ 64 ஆட்டத்துக்குக் கொண்டுபோய் டிவியிலும் ஆடலாம். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய சமாச்சாரம்!

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் சேவ், அதாவது ஆடியது அழியாமல் பதிவாகி நிற்பது. கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பட்டன் பேட்டரிதான் அதைக் காப்பாற்றி வைக்கிறது. சேவ் நிற்காத கேட்ரிட்ஜில் வெறும் கோல்ஃப் மட்டும்தான் மிஞ்சும். பத்துக்குப் பத்து வாங்கிய ஆட்டம் அது இல்லை.

விற்றவர் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் அனுப்புவார். அதனால் நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அக்கா ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் திரையெல்லாம் பளிச்சென்று வருகிறது, பாட்டு கேட்கிறது, பந்து பறக்கிறது. மேரியனில் ராத்திரி வெகுநேரம் ஆடி, சேவ் ஆகிவிட்டது என்று திரையில் பார்த்த பிறகே அணைத்தேன். மறுநாள் போட்டால் எல்லாம் காலி, பெயர் வைப்பதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தும் அதே கதைதான்.

இது கேம் பாய் கலரில் மட்டும் ஓடும் ஆட்டம் என்பதால் கேட்ரிட்ஜ் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கில் இருக்கும். முன்பக்கத்தை லேபிள் மறைத்துவிடும், ஆனால் பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினால் உள்ளே இருப்பது தெரியும். என்னுடையதில் அந்தப் பிளாஸ்டிக் கலங்கலாக, ஒன்றும் சரியாகத் தெரியாமல் இருந்தது. அதற்கான ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் பிடித்துத் திறந்து பார்த்தேன். அசல் போர்டில் தனித்தனிச் சிப்புகள் இருக்கும், பேட்டரி இருக்கும், நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். இதில் நடுவே கருப்புப் பிசின் ஒரு பொட்டு, அவ்வளவுதான். பேட்டரிக்கு இடமே விடவில்லை. லேபிளை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். அசலில் அழுத்திப் பதித்த ஒரு சிறிய எண் தடம் இருக்கும். இதில் அதுவும் இல்லை.

வாங்குவதற்கு முன்பே பின்பக்கப் படம் கேட்டிருந்தேன். வந்த படத்தில் பேட்டரி, சிப்பு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கையில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது வேறு கேட்ரிட்ஜின் படம். ஆகவே படத்தை மட்டும் நம்பாதீர்கள். அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கேட்ரிட்ஜின் பின்பக்கத்தோடு சேர்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேவ் செய்து, கேட்ரிட்ஜை வெளியே எடுத்து, மறுபடி செருகி ஆட்டத்தைத் தொடரும் வீடியோவையும் கேளுங்கள். நேர்மையாக விற்பவருக்கு இது பத்து நிமிட வேலை.

அசலே ஆனாலும் இந்த வீடியோ வேண்டும். 1999-ல் வைத்த பேட்டரிக்கு இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. செத்துப்போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பெரிய விஷயம் இல்லை. சாலிடரிங் தெரிந்தவரிடம் கொடுத்துத் சாலிடர் செய்வதற்கான தகடு வைத்த புது பேட்டரி போடச் சொல்ல வேண்டும். பழையதைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சேவ் போய்விடும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் செலோடேப் போட்டு பேட்டரியை ஒட்டியிருந்தால் வேண்டாம், கொஞ்சம் அசைந்தாலே தொடர்பு விட்டுப்போகும்.

புகார் கொடுத்தபோது விற்றவர் சொன்ன பதில், ஆட்டம் ஓடுகிறதே, அப்புறம் என்ன குறை என்பது. சந்தை நிர்வாகமோ திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று கையை விரித்தது. அக்கா வீட்டில் பார்சல் இறங்கிய நாளிலிருந்தே அந்தக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது. உறவினர் முகவரிக்கு அனுப்பச் சொல்பவர்கள் அங்கேயே பிரித்து, சேவ் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் நட்சத்திரம் குறைத்து விமர்சனம் எழுதிய பிறகுதான் அந்த ஆள் இறங்கி வந்தார்: அதை நீக்கினால் பாதிப் பணம் தருகிறாராம். நீக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த விமர்சனம் அங்கே இருந்தால்தான் அடுத்து வாங்க வருபவர் கண்ணில் படும்.

நிண்டெண்டோவின் இன்னொரு கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையில் இதே ஆட்டம் முன்பு டவுன்லோடாகக் கிடைத்தது. 2023 மார்ச்சில் அந்தக் கடையில் வாங்கும் வசதியை நிறுத்திவிட்டார்கள். பழைய கேட்ரிட்ஜைத் தேடுகிறவர்கள் இருக்கும்வரை இந்த மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம்தான். அக்கா தன் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார். திறந்த போர்டின் படத்தையும், விற்றவர் முதலில் அனுப்பிய படத்தையும் அதோடு சேர்த்து அனுப்பியாகிவிட்டது. வங்கியின் பதில் இன்னும் வரவில்லை.