ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ், பிஆர்டிஜி: வடசென்னையின் சிதறிய கிளைகளுக்கு எது பொருந்தும்?

பாரிமுனையில் தலைமை அலுவலகம், மணலியிலும் மாதவரத்திலும் கன்டெய்னர் கிடங்கு, எண்ணூரில் ஒரு யார்டு. வடசென்னையில் சரக்குத் தொழில் செய்யும் நிறுவனங்களின் நெட்வொர்க் பெரும்பாலும் இப்படித்தான் விரிந்து கிடக்கிறது. மணலி லிங்க் விழுந்தால் அதன் பின்னாலிருக்கும் ஸ்விட்ச், கேமரா ரெக்கார்டர், எடைமேடைக் கணினி எல்லாமே ஒரே நொடியில் சிவப்பாகும். ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ், பிஆர்டிஜி மூன்றும் இப்படிப்பட்ட நெட்வொர்க்கைக் கண்காணித்து அலர்ட் அனுப்பும் மென்பொருள்கள். அழகான கிராஃப் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். அட்மினுக்கு வேண்டியது நள்ளிரவில் நாற்பது அலர்ட்டுக்குப் பதில் ஒன்று. அந்த ஒன்றும் கரண்ட் போனதா, பள்ளம் தோண்டியதில் ஃபைபர் அறுந்ததா என்று சொல்ல வேண்டும். மின்வாரியத்தைக் கூப்பிடுவதா, லிங்க் கொடுத்தவரைக் கூப்பிடுவதா என்பது அதில்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க யூபிஎஸ் போதும். எஸ்என்எம்பி (சாதனத்தின் நிலையை நெட்வொர்க் வழியே கேட்டறியும் முறை) கார்டு உள்ள யூபிஎஸ்ஸில், பொதுவான யூபிஎஸ் மிப் என்ற பட்டியலின்படி 1.3.6.1.2.1.33.1.4.1.0 என்ற ஓஐடி, அதாவது அந்தத் தகவலின் முகவரி, 3 என்றால் மெயின் கரண்ட், 5 என்றால் பேட்டரி. லிங்க் போவதற்கு முன் 5 வந்திருந்தால் போனது கரண்ட். 3-லேயே இருந்து லிங்க் மட்டும் போனால் கேபிளையோ ரூட்டரையோ பார்க்க வேண்டும். ஆனால் பேட்டரி நான்கு நிமிடம்தான் தாங்கும் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போலிங் செய்யும் (சாதனத்தைக் கேட்டுப் பார்க்கும்) மென்பொருள் அந்த 5-ஐப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

லிப்ரேஎன்எம்எஸ் இடறுவது இங்கேதான். அதன் இயல்பான போலிங் இடைவெளி ஐந்து நிமிடம். ஒரு நிமிடமாக மாற்றலாம். கிராஃப் தரவு இருக்கும் பழைய ஆர்ஆர்டி கோப்புகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிங் (சாதனம் பதில் தருகிறதா என்ற சோதனை) மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வழி இருக்கிறது, ஆனால் பிங்குக்கு பேட்டரி நிலை தெரியாது. கிளையில் தனி போலர் (போலிங் செய்யும் கணினி) வைத்தாலும் அது தலைமையகத்தின் டேட்டாபேஸையும் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பையும் நம்பியே ஓடுவதால், லிங்க் அறுந்த நேரத்துக்கு கிராஃபில் ஓட்டைதான். மற்றபடி இது அருமையான கருவி. ஐபியும் கம்யூனிட்டியும் (எஸ்என்எம்பி கடவுச்சொல்) கொடுத்தால் போர்ட்கள், ஃபைபர் செருகும் எஸ்எஃப்பியின் ஒளி அளவு, எல்எல்டிபி மூலம் தெரியும் அண்டைச் சாதனங்கள் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும். கடலோரத்து உப்புக்காற்றும் லாரித் தூசியும் கனெக்டரில் படியும் எண்ணூர் போன்ற இடத்தில், ஒளி அளவு மெல்லக் குறைவதைக் காண இதைவிட எளிய வழி கிடையாது. எஸ்எஃப்பியின் டேட்டாஷீட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கு 3 டெசிபெல் மேலேயே அலர்ட் வையுங்கள். ஒரே வளாகத்தில் நிறைய ஸ்விட்ச் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

கிளைகள் சிதறிக் கிடந்தால் எங்கள் தேர்வு ஜாபிக்ஸ். காரணம் அதன் ப்ராக்ஸி, அதாவது கிளையிலேயே தரவு திரட்டித் தலைமையகத்துக்கு அனுப்பும் துணை மென்பொருள். கிளையில் ஒரு சின்னக் கணினியில் எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸோடு ஓடும்; பிங்கும் எஸ்என்எம்பியும் அங்கிருந்தே போகும். அதனால் லிங்க் அறுந்தாலும் பின்னாலுள்ள சாதனங்கள் ‘டவுன்’ ஆகாது. ப்ராக்ஸியிடமிருந்து தகவல் இல்லை என்ற ஒரே அலர்ட்தான் வரும். லிங்க் திரும்பியதும் இடைப்பட்ட தரவு முழுதும் வந்து சேரும். லிங்க் இல்லாதபோது தரவைச் சேர்த்து வைக்கும் ஆஃப்லைன் பஃபர் இயல்பில் ஒரு மணி நேரம்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் போன்ற மழைக்கு அது எந்த மூலைக்கு? 72 என்று மாற்றிவிடுங்கள். ப்ராக்ஸி இல்லாமல் ஓட்டினால், ரூட்டர் விழும்போது பின்னாலுள்ளவற்றின் அலர்ட்டை அடக்கும் டிபெண்டன்சியை ட்ரிகர் (அலர்ட்டை எழுப்பும் விதி) ட்ரிகராகக் கட்ட வேண்டும். ரூட்டர் ட்ரிகர் ஒரு நிமிடத்தில் எழட்டும், பின்னாலுள்ளவை மூன்று நிமிடம் கழித்து எழட்டும். இரண்டையும் சமமாக வைத்தால் ஸ்விட்ச் அலர்ட் முந்திக்கொள்ளும்.

ஜாபிக்ஸின் சுமை டேட்டாபேஸ். 3,000 ஐட்டம் (கண்காணிக்கும் அளவீடு), 60 நொடி இடைவெளி என்றால் நொடிக்கு 50 மதிப்பு. ஒன்றுக்குச் சுமார் 90 பைட் எனக் கணக்கிட்டால் நாளுக்கு 390 எம்பி, 30 நாளுக்கு 12 ஜிபி அளவு. பழைய தரவை அழிக்கும் ஹவுஸ்கீப்பரை மட்டும் நம்பினால் அழிக்கும் வேலையிலேயே டிஸ்க் திணறும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மேல், தரவை நேரவாரியாகப் பிரித்து வைக்கும் டைம்ஸ்கேல் போட்டுத் தொடங்குவது நல்லது.

லினக்ஸ் தெரிந்த ஆள் இல்லாத அலுவலகத்துக்கு பிஆர்டிஜி. விண்டோஸில் நிறுவலாம், கிளையிலிருந்தே கண்காணிக்கும் ரிமோட் ப்ரோபும் உண்டு. இதில் ஒவ்வொரு அளவீடும் ஒரு சென்சார். பிங் சென்சாரைத் தலைமையாக வைத்தால் அது விழும்போது அந்தச் சாதனத்தின் மற்றவை தாமே நின்றுகொள்ளும். இலவசம் 100 சென்சார் வரை. ஆனால் 24 போர்ட் ஸ்விட்சின் டிராஃபிக் மட்டுமே 24 சென்சார் தின்னும். நான்கு ஸ்விட்சுக்கு 96. அப்லிங்க் போர்ட்டுக்கு மட்டும் போடுங்கள்.

இதே வகைக் கருவிகள் இன்னும் இரண்டு. நாகியோஸ் இன்றும் ‘டவுன்’ (சாதனமே விழுந்தது), ‘அன்ரீச்சபிள்’ (வழி அறுந்ததால் எட்டவில்லை) என்று தெளிவாகப் பிரிக்கும், ஆனால் எல்லாம் கோப்பில் கையால் எழுத வேண்டும். ப்ரொமிதியஸ் சர்வர்களுக்கானது; இயல்பில் 15 நாள் தரவுதான் வைத்திருக்கும்.

எதை எடுத்தாலும் இரண்டு சிக்கல் கூடவே வரும். ஓஐடியைக் கையால் எழுதினால் டிராஃபிக்கை எண்ணும் 32 பிட் கவுன்டரைத் தொடாதீர்கள்: ஒரு ஜிகாபிட் முழு ஓட்டத்தில் அது 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குச் சுற்றி வந்துவிடும், கிராஃப் பொய் சொல்லும். அடுத்தது எஸ்எம்எஸ். கேட்வே வழியாக அனுப்ப டிஎல்டி என்ற டெலிகாம் பதிவுத் தளத்தில் வார்ப்புரு பதிந்திருக்க வேண்டும். ட்ரிகர் பெயரை மாற்றி வாசகம் விலகினால் செய்தி போகாது. டெலிகிராமோ தலைமையக இன்டர்நெட் விழுந்தால் ஊமை. சர்வரிலேயே சிம் போட்ட ஜிஎஸ்எம் மோடம் ஒன்றைச் செருகி வையுங்கள்.

டெமோவுக்கு வருபவரிடம் டாஷ்போர்டைக் கேட்காதீர்கள். ஒரு கிளையில் முதலில் யூபிஎஸ்ஸுக்கு வரும் கரண்டை நிறுத்தி, பேட்டரி தீரும்வரை விடச் சொல்லுங்கள். பிறகு எல்லாம் ஓடும்போதே ரூட்டரின் வெளிக் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். போனில் எத்தனை செய்தி வந்தது, இரண்டு முறையும் வாசகம் வேறாக இருந்ததா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.