மூட்டைப்பூச்சிக்கு மெத்தை உறை: ஜிப் முனையைப் பார்த்து வாங்குங்கள்
மெத்தையின் ஆறு பக்கத்தையும் மூடும் ஜிப் உறைதான் மூட்டைப்பூச்சிக்குச் சரி. மூலைகளில் எலாஸ்டிக் வைத்த வாட்டர்புரூஃப் விரிப்பு இதற்கு உதவாது.

துணியில் குறை இல்லை. கோளாறு வருவது ஜிப் முடியும் மூலையில். பொரிந்த குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர்தான். நகநுனி நுழையும் இடைவெளி இருந்தாலே வெளியே வந்துவிடும். அந்த முனையை மடக்கி ஒட்டும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை நிறமே நல்லது: மிளகுத்தூள் சிந்தியதுபோல் எச்சப்புள்ளி விழுந்தால் உடனே தெரியும்.

கட்டில் சட்டத்தில் சிராய் இருந்தால் உறை கிழியும். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். மாட்டியபின் ஓராண்டு கழற்றவே வேண்டாம், ரத்தம் குடிக்காமலே பல மாதம் தாங்கும் பூச்சி இது. தலைமாட்டுப் பலகையின் திருகுத் துளைகளில் ஒளிந்திருப்பவற்றை உறை ஒன்றும் செய்யாது. அங்கே நீராவியை மெதுவாகக் காட்ட வேண்டும்.