கல்லூரியா, திறந்தநிலையா, செல்போனா? தடைக்காலத்தில் எடுக்கிற முடிவு

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ப்ளஸ் டூ ரிசல்ட் வருவது, கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது, கட்டணத்துக்கு அலைவது எல்லாம் அந்த 61 நாளையொட்டித்தான் விழுகிறது. வருமானம் நிற்கிற நேரத்தில் செலவு வந்து நிற்கும். ஆனால் அப்பா வீட்டில் இருப்பதும் அப்போதுதான் என்பதால், பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்று உட்கார்ந்து பேசுவதும் அப்போதுதான். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். அந்தப் பணம் வங்கியில் ஏறியதும் மகளைக் கூட்டிக்கொண்டு நேரே என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்த அப்பாக்கள் உண்டு.

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் சென்டர் நடத்துகிறேன். மே மாதம் பிறந்தாலே ஒரே கேள்விதான். "ஏக்கா, இப்பல்லாம் செல்லுலயே டிகிரி படிக்கலாமாமே? பெறகு எதுக்கு தெனமும் ராம்நாட்டுக்கு பஸ் ஏறணும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற 17 வயதுப் பிள்ளை கல்லூரிக்குத்தான் போக வேண்டும். செல்போன் படிப்பை அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. ஏற்கெனவே வேலைக்கோ கடலுக்கோ போகிறவர், கல்யாணமாகிப் படிப்பை விட்டவர் ஆகியோருக்குக் கணக்கு வேறு.

கல்லூரியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ராமேஸ்வரத்திலேயே அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி. கீழக்கரையில் பெண்களுக்கென்றே கல்லூரி உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு. பலர் கவனிக்காத ஒன்று, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்கு அதே தொகை 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில். தொலைநிலையிலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் இந்தப் பணம் கிடையாது. வீட்டிலிருந்தே படித்தால் மிச்சம் என்று கணக்குப் போடுகிற பெற்றோர், மூன்று வருஷத்தில் 36,000 ரூபாய் கைவிட்டுப் போவதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் "காலேஜுக்குப் போறேன்" என்று சொன்னால் வீடு அவளை வாசலைத் தாண்ட விடும். "செல்லுல படிக்கிறேன்" என்றால், தண்ணி பிடிக்கவும் தம்பியைப் பார்க்கவும் நடுவில் நாலு தடவை கூப்பிடும். அது படிக்கிற நேரமென்று வீட்டுக்குத் தெரியாது. எவ்வளவு நல்ல பாடத்திட்டமும் இதைச் சரிசெய்துவிட முடியாது.

அடுத்தது திறந்தநிலை, தொலைநிலை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. காரைக்குடி அழகப்பா, மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பட்டங்களை வாங்கி அரசு வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தமிழில் அச்சடித்த புத்தகம் கையில் இருக்கும், கரண்ட் போனாலும் நெட் போனாலும் படிக்கலாம். ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி கடல் நாள். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. அப்படிப் போய் வருகிற 25 வயதுப் பையனுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அங்கீகாரம் என்கிற சொல்லில்தான் ஒரு குடும்பம் ஏமாந்ததைப் பார்த்தேன். ஏதோ ஒரு நிறுவனத்தின் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து ஆன்லைன் டிகிரி என்று பணம் வாங்கிப் போயிருக்கிறார். சான்றிதழைச் சரிபார்க்க என்னிடம் கொண்டுவந்தார்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடுகிற பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அந்த அம்மா சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார், லேமினேட் செய்து வைத்திருந்தார். பணம் கட்டுகிறதுக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பொறியியல், நர்சிங், சட்டம் எல்லாம் முழுக்க ஆன்லைனில் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அவற்றை அப்படி நடத்த அனுமதியே இல்லை.

இனி செல்போன் படிப்பு. கொரோனா காலத்தில் எல்லோரும் இதற்குள் தள்ளப்பட்டோம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா அரசே கொடுத்தது. ஆனால் அன்று நடந்தது வகுப்பறையை அப்படியே கேமராவுக்கு முன்னால் வைத்த அவசர ஏற்பாடு. அதை வைத்து இன்றைய இணையப் படிப்பை எடைபோடுவது தப்பு.

இன்று கையில் இருப்பதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 2017 ஜூலையில் வந்த ஸ்வயம், மத்திய அரசின் இணையப் பாடத் தளம். ஐஐடிகள் 2003லிருந்து நடத்துகிற என்பிடெல் பாடங்களும் அதில் கிடைக்கின்றன. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு 1,000 ரூபாய். இரண்டாவது, சென்னை ஐஐடி 2020ல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பட்டம். அதற்கு ஜேஇஇ என்கிற ஐஐடி நுழைவுத் தேர்வு வேண்டாம். நாலு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தேர்வு வைத்து உள்ளே எடுக்கிறார்கள். நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போக வசதியில்லாத ஊர்ப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான வாசல் எனக்குத் தெரியவில்லை. கட்டணம் அரசுக் கல்லூரியைப்போல் பல மடங்கு, ஆனால் குடும்ப வருமானத்தையும் சாதிப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. பாடம் முழுக்க ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாசம் மலைப்பாக இருக்கும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் மட்டும், கல்லூரியோடு சேர்த்தே இதைப் படி என்பேன்.

கணினிவழிப் படிப்பு புதுசும் இல்லை. 1960ல் அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற ஏற்பாடு தொடங்கியது. அதில் கணினி கேள்வி கேட்கும், மாணவர் பதில் போட்டால்தான் மேலே போகும். 2012 வாக்கில் பெரிய பல்கலைக்கழகங்கள் வீடியோ பாடங்களை உலகத்துக்கே திறந்துவிட்டபோது லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள், கடைசிவரை முடித்தவர்கள் மிகக் கொஞ்சம். வீடியோ யாருக்காகவும் நிற்காது, பார்ப்பவர் தூங்கினாலும் ஓடும். அதனால் எந்த ஆன்லைன் படிப்பையும் பார்க்கும்போது நான் வீடியோவைப் பார்ப்பதில்லை, வாரா வாரம் கேள்வி கேட்டுத் திருத்திக் கொடுக்கிறார்களா என்றுதான் பார்க்கிறேன். என்பிடெல்லில் அது இருக்கிறது. வாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. அந்தப் பயிற்சிக்குக் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. புதன் இங்கே கடல் நாள், சம்பளத்துக்குப் படகு ஏறுகிற பையன் அந்நேரம் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பான். செவ்வாய்க்கிழமையே முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 மட்டும் கணக்கில் வரும், ஒன்றிரண்டு தவறினால் விட்டுவிட்டு ஓடக் கூடாது.

பாம்பன் பையன் ஒருவன், நாட்டுப்படகுக்காரர் மகன், கல்லூரியில் படித்துக்கொண்டே என்பிடெல்லில் பைத்தான் என்ற கணினி மொழிப் பாடம் முடித்திருந்தான். பன்னிரண்டு வாரமும் செல்போனில்தான். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தவனை, தேர்வு கம்ப்யூட்டரில்தானே, கொஞ்சம் உட்கார்ந்து பாரு என்றேன். உட்கார்ந்ததும் திரையை விரலால் தொட்டான். மவுஸைக் கொடுத்தேன். நகர்த்திக்கொண்டே போனான், மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது, அம்புக்குறி இன்னும் பாதித் திரையில் நிற்கிறது. தூக்கி இந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தான். கிழிந்த வலையை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுகிற கை அது. பாடம் அவனுக்கு மனப்பாடம், கேட்டால் டக்கென்று சொல்கிறான். மூன்று நாள் வந்து பழகினான்.

தேர்வு மையம் மதுரையில் விழுந்தது. காலை 9 மணித் தேர்வுக்கு இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல், முதல்நாளே கிளம்ப வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. ஒரு பெண்பிள்ளை என்றால் துணைக்கு ஒருவர் போக வேண்டும், இரண்டு பேர் செலவு. "பரீட்ச பீஸு ஆயிரந்தான்னு சொன்னீங்களேக்கா" என்று ஒரு அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ராமேஸ்வரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, அங்கே கம்ப்யூட்டர் லேபும் இருக்கும். இந்தத் தேர்வுகளுக்கு அதை மையமாக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

கல்லூரிக்குள் செல்போன் படிப்பைச் சேர்ப்பதற்கு விதி இருக்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயத்தில் படித்து மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2016ல் யுஜிசி சொன்னது, 2021ல் அதை 40 சதவீதமாக்கியது. ஆனால் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அந்தப் பாடத்தை முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். பாடத்தை முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். அதனால் சேர்ந்த முதல் வாரமே துறைத் தலைவரிடம் எந்தெந்தப் பாடம் ஏற்பீர்கள் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய ஒரு மாதத்தில் ஸ்வயத்தின் ஜூலைப் பருவம் தொடங்கும். பதிவு செய்கிற பிள்ளைகள் போனிலேயே செய்துகொள்ளலாம், அதற்கு என்னிடம் வர வேண்டியதில்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வாருங்கள். சாயங்காலம் 5 முதல் 6 வரை இரண்டு சிஸ்டம் மவுஸ் பழகுகிறவர்களுக்கென்று விட்டிருக்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.